கச்சிபௌலி மண்டையும் ஒரு மஞ்சள் சீட்டும்

குதுப் ஷாக்கள் ஹைதராபாத்துக்கு நான்கு மினார் கொடுத்தார்கள். எங்கள் கம்பெனி ஒரு மண்டை கொடுத்தது. சரித்திரம் நேர்மையானதாக இருக்குமானால் இரண்டையும் ஒரே தராசில்தான் வைக்கும். எடையிலும் எங்கள் மண்டை ஒன்றும் இளைத்ததில்லை. பதினோரு டன். நானே எடை மேடையில் நின்று ரசீது வாங்கினேன்.

"மனிதனே எங்கள் மூலதனம்" என்பது எங்கள் கம்பெனியின் தாரக மந்திரம். லிஃப்ட் கதவில் எழுதியிருக்கும், காபிக் கோப்பையில் எழுதியிருக்கும், கழிப்பறையில் கை துடைக்கும் காகித டப்பாவின் மேலும் எழுதியிருக்கும். மற்ற கம்பெனிகள் இப்படி எழுதி வைத்துவிட்டு மறந்துபோகும். எங்கள் கம்பெனி அப்படிப்பட்டதல்ல. சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியது. அதற்கு நான் சாட்சி. சாட்சி மட்டுமில்லை, கையெழுத்தும் என்னுடையதுதான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் ராமசுவாமி. ராமச்சந்திராபுரத்துப் பொதுத்துறைத் தொழிற்சாலையில், ஸ்டோர்ஸில், முப்பத்து நாலு வருஷம். என் காலத்தில் ஒரு வாஷர்கூட என் கையெழுத்தில்லாமல் கேட்டைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்ற மறுமாதமே கச்சிபௌலியில் இந்தக் கம்பெனி என்னை "வசதிகள் ஆலோசகர்" என்று எடுத்துக்கொண்டது. சேர்ந்த அன்றே ஒரு காட்சி கண்டேன். ஒரு பையன் பழுதான கம்ப்யூட்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு சீட்டு கீட்டு எதுவும் இல்லாமல் கேட்டைத் தாண்டி ஆட்டோவில் ஏறிப்போனான். காவலாளி அவனுக்கு சல்யூட் வேறு வைத்தான்.

ஒரே மாதத்தில் அந்த அராஜகத்துக்கு முடிவு கட்டினேன். இரண்டு சீட்டுப் புத்தகங்கள் அச்சடித்தேன். மஞ்சள் சீட்டு, திரும்பி வரும் பொருளுக்கு. வெள்ளைச் சீட்டு, திரும்பி வராத பொருளுக்கு. கேட்டில் வேலூர்க்காரர் நடேசனைப் போட்டேன். பட்டாளத்தில் இருந்தவர், சீட்டு இல்லையென்றால் சொந்தத் தம்பியையும் நிறுத்துகிற மனுஷர். தகவல் தொழில்நுட்பப் புரட்சிக்கு என் பங்களிப்பு இவ்வளவுதான்.

இனி மண்டைக்கு வருகிறேன். இரண்டாயிரத்து ஏழு கடைசியில் எங்கள் துணைத்தலைவர் விஸ்வநாத் சிங்கப்பூர் போய்விட்டு ஒரு ஏக்கத்தோடு திரும்பினார். எதிர்க் கம்பெனிக்காரன் வாசலில் அருவி வைத்துவிட்டான். பக்கத்துக் கம்பெனியில் கண்ணாடி முட்டை. "நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று அவர் கூட்டத்தில் கேட்டபோது யாருமே "வேலை" என்று சொல்லவில்லை. எல்லோரும் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்கள்.

அதன் பலனாக ப்ரியம்வதா வந்தார். பஞ்சாரா ஹில்ஸ் சிற்பி, லண்டனில் படித்தவர். வாக்கியத்தை ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார். முடிப்பது கேட்பவரின் கடமையாம். இருபத்திரண்டு அடி உயரத்தில் இரும்பு வலையால் ஒரு மனிதத் தலை, உள்ளே தேங்காய் நார்த் தூளும் மண்ணும், மேலே தலைமுடிக்குப் பதிலாக உயிருள்ள செடிகள். தலைப்பு, "வளரும் மனம்". ஏன் உடம்பு இல்லை என்று நான் கேட்டேன். இந்தத் துறையில் உடம்புக்கு என்ன வேலை என்று அவர் ஆரம்பித்து, வழக்கம்போல் முடிக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தை மட்டும் முடித்திருந்தார். இருபத்தாறு ஷரத்து. அதில் பதினான்காவதை நான் இரண்டு முறை படித்தேன். படைப்பின் எந்தக் கூறையும் கலைஞரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் மாற்றவோ நீக்கவோ கூடாது. விஸ்வநாத் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பெரிய மனிதர்கள் படிப்பதில்லை.

நாச்சாரத்தில் ஒரு பட்டறையில் மண்டையை வெல்டிங் செய்து, இரண்டு பாதியாக லாரியில் ஏற்றினோம். இடது காது லாரியில் கொள்ளவில்லை. அது மறுநாள் ஆட்டோவில் வந்தது. நடேசன் சீட்டில் "காது, ஒன்று, பெரியது" என்று எழுதித்தான் உள்ளே விட்டார். பிறகு முகம் எந்தத் திசையைப் பார்ப்பது என்று மூன்று வாரம் கூட்டம் நடந்தது. சிற்பி மேற்கு என்றார், சாலையில் போகிறவர்கள் பார்க்க வேண்டும். வாஸ்துக்காரர் கிழக்கு என்றார். கடைசியில் வடகிழக்காக வைத்துச் சமரசம் செய்தோம். அதனால் வளரும் மனம் இன்றுவரை கேன்டீனில் கை கழுவும் இடத்தை உற்றுப் பார்த்தபடி இருக்கிறது.

இரண்டாயிரத்து எட்டு பிப்ரவரியில் திறப்பு விழா. குளிர்ப் பிரதேசத்து ஃபெர்ன், பாசி, பெயர் வாயில் நுழையாத ஏதேதோ கொடி. அன்றைக்கு அது நிஜமாகவே அழகாக இருந்தது. அதை மறைத்தால் என் நாக்கு அழுகிப்போகும்.

ஏப்ரலில் வழுக்கை விழுந்தது.

எங்கள் கம்பெனியில் செடிக்குக் குடத்தால் தண்ணீர் ஊற்றுவது கேவலம். அதனால் இரண்டு பொறியாளர்கள் சேர்ந்து தானியங்கி நீர்ப்பாசன மென்பொருள் எழுதியிருந்தார்கள். தினமும் சரியாகக் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறக்கும். அறிக்கையில் பச்சை விளக்கு எரியும். "பசுமைக் குறியீட்டு விருது" என்று இருவருக்கும் ஆளுக்கொரு கண்ணாடிக் கேடயமும் கொடுத்தாகிவிட்டது. இருந்தும் முடி உதிர்ந்தது. உச்சியில் ஆரம்பித்து நாலு பக்கமும் பரவி, அச்சு அசல் விஸ்வநாத்தின் தலையைப் போலவே ஆனது. ஊழியர்கள் அதைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்து, பிறகு தரையைப் பார்த்தார்கள். ஜூன் கடைசியில் நியூ ஜெர்சியிலிருந்து சேர்மன் வருவதாக இருந்தது. "கேச மீட்புப் பணிக்குழு" அமைக்கப்பட்டது. ஒன்பது பேர், வாரம் மூன்று கூட்டம்.

ஐந்தாவது கூட்டம் மண்டையின் நிழலில் நடந்தது. மண்ணின் அமிலத்தன்மை பற்றி ஒருவர் முப்பது படம் காட்டினார். தோட்டத்தைக் கூட்டிக்கொண்டிருந்த லூர்துமேரி துடைப்பத்தை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். ஒப்பந்தத் தோட்டக்காரி. திண்டுக்கல் பக்கம். புருஷன் வேலை பார்த்த நாச்சாரம் நூல் ஆலை மூடி, அவரும் போய்ச் சேர்ந்த பிறகு, இந்த வேலையை வைத்துத்தான் மகள் ரோஸ்லினை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தாள்.

"சார், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே," என்றாள். "செடிக்கு யாராச்சும் வெந்நீ ஊத்துவாங்களா?"

விசாரித்தேன். மென்பொருள் காலை ஆறு மணிக்குத்தான் தண்ணீர் விட்டது. ஆனால் அது நியூ ஜெர்சி காலை ஆறு மணி. சர்வர் அங்கே இருந்தது. நமக்கு அது மத்தியானம் மூன்றரை. கச்சிபௌலிப் பாறை வெயிலில் கறுப்புக் குழாயில் நாள் முழுக்கக் காய்ந்த தண்ணீர் ரசம் கொதிக்கிற சூட்டில் வந்து மண்டையில் கொட்டியிருக்கிறது. இரண்டு மாதமாக நாங்கள் வளரும் மனத்தை வேகவைத்திருக்கிறோம்.

இதை எழுத்தில் புகாராகக் கொடுத்தேன். பதினோரு நாள் கழித்து, "வடிவமைத்தபடியே இயங்குகிறது" என்று பதில் வந்தது. லூர்துமேரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழாயின் வாயைத் துணியால் அடைத்துவிட்டு, ஏணி போட்டு, விடியற்காலையில் குடத்தால் ஊற்ற ஆரம்பித்தாள். செத்த செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, தனக்குத் தெரிந்ததை நட்டாள். உச்சந்தலையில் புளிச்சக்கீரை. காதோரம் புதினா. பிடரி முழுக்கப் பொன்னாங்கண்ணி. புருவத்துக்குக் கறிவேப்பிலைக் கன்று. மென்பொருள் பாட்டுக்கு, "நீர்ப்பாசனம் வெற்றி" என்று தினமும் அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தது. விருது பெற்ற இருவருக்கும் பதவி உயர்வும் கிடைத்தது.

என் சகதர்மிணி பட்டுவிடம் விஷயத்தைச் சொன்னேன். "உங்க மண்டையில முளைக்காததை அந்த மண்டையில முளைக்க வெச்சிருக்காளே, மகராசி," என்றாள்.

சேர்மன் வந்தார், மண்டையைப் பார்த்தார், வாய் பிளந்தார். ஜூன் மழையில் புளிச்சக்கீரை ஆளுயரம் நின்றது. ஆண்டறிக்கையின் அட்டைப் படமே அதுதான் என்று அங்கேயே உத்தரவானது. ப்ரியம்வதாவுக்குத் தகவல் போய், அவர் பதறிக்கொண்டு வந்தார். அவர் வந்த நேரம் மாலை ஆறு. கம்பெனிப் பேருந்து கிளம்புவதற்கு முன்னால் நாற்பது சாஃப்ட்வேர் பொறியாளர்கள் வரிசையில் நின்று, அவர் படைப்பின் மயிரைப் பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரவுக்குப் பருப்போடு கோங்குரா, அதாவது நம் புளிச்சக்கீரை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவரோ, பார்வையாளன் படைப்பை உண்கிறான், படைப்பு மறுநாள் மறுபடி, என்று ஆரம்பித்து நிறுத்தினார். கண்ணில் நீர். ஏணி மேல் நின்றிருந்த லூர்துமேரியைப் பார்த்து, இவர் யார் என்று கேட்டார். இவள் இல்லாவிட்டால் மண்டையே இல்லை என்று நான் உள்ளதைச் சொன்னேன். உள்ளதைச் சொல்வதில் இருக்கும் லாபம் அப்போது எனக்குத் தெரியாது.

செப்டம்பரில் அமெரிக்காவில் ஏதோ வங்கிகள் விழுந்தன. அங்கே விழுந்த சத்தம் இங்கே டிசம்பரில் கேட்டது. ஆட்குறைப்புக்குச் "சரியான அளவாக்கம்" என்று பெயர் சூட்டி ஒரு சுற்றறிக்கை வந்தது. எந்த அரசனும் இவ்வளவு மரியாதையாகத் தலையை வெட்டியதில்லை. முதல் பட்டியலில் ஒப்பந்தத் தோட்டக்காரர்கள் பதினொரு பேரும் இருந்தார்கள். இனிமேல் மென்பொருளே தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று அதில் போட்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்துகொண்டுதானே இருக்கிறது!

லூர்துமேரி அழவில்லை. "ஜனவரி கடைசியில ரோஸ்லினுக்குக் கல்யாணம் சார். பாதர் தேதி குறிச்சுட்டாரு. மாப்பிள்ளை வீட்டுல, பொண்ணோட அம்மாவுக்குக் கம்பெனியில வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப வேலை போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கோயில்ல போய் நிப்பேன்?" என்றாள்.

எனக்கு மனசு ஆறவில்லை. பட்டியலில் கை வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது. மனிதர்களைக் காப்பாற்றும் கலையும் தெரியாது. பொருளைக் காப்பாற்றும் கலை மட்டும் தெரியும். அப்போதுதான் பதினான்காவது ஷரத்து ஞாபகம் வந்தது.

மண்டைக்கு ஒரு பித்தளைப் பெயர்ப்பலகை பாக்கியிருந்தது. படைப்பு, படைப்பாளி, உபயோகித்த பொருள்கள் என்று மூன்று வரி. பொருள்கள் பட்டியலை ஸ்டோர்ஸ்காரனான என்னிடம்தான் கேட்டிருந்தார்கள். "இரும்பு வலை, தேங்காய் நார்த் தூள், செம்மண், கீரை வகைகள், லூர்துமேரி" என்று எழுதி, ப்ரியம்வதா வீட்டுக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் படித்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மனிதரே ஊடகமாக, என்றார். முடிக்கவில்லை. கையெழுத்தை மட்டும் முடித்தார்.

கம்பெனி வக்கீல் மூன்று நாள் படித்துவிட்டு, மேற்படி லூர்துமேரி படைப்பின் ஒரு கூறு, கலைஞரின் சம்மதமின்றி நீக்க இயலாது என்று எழுதிக் கொடுத்தார். பத்துத் தோட்டக்காரர்கள் போனார்கள். லூர்துமேரி இருந்தாள். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் நான் அடையாத பெருமிதத்தோடு வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிவிட்டுக் காபி கேட்டேன்.

பட்டு டம்ளரை வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "ஒரு பொம்மனாட்டியை ஸ்பேர் பார்ட்டுன்னு எழுதி வெச்சுட்டு வந்து, அதுக்குக் காபி வேற கேக்கறேளா?"

பெண்களுக்கு நிர்வாகம் புரிவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சொத்துப் பதிவேட்டில் மண்டைக்கு ஏழு எண்கள். ஏழாவது எண் லூர்துமேரி. கோடு கோடாக அச்சிட்ட ஒட்டுச் சீட்டு ஒன்றை அவளுடைய அடையாள அட்டையில் ஒட்டினார்கள். சம்பளம் "பராமரிப்பு" என்ற தலைப்பில் வந்தது. வருகைப் பதிவு நின்றுபோனது, பொருள் வருவதுமில்லை, போவதுமில்லை அல்லவா? மாதம் ஒருமுறை ஒரு பையன் கையடக்கக் கருவியோடு வந்து, காது இருக்கிறதா, மூக்கு இருக்கிறதா, லூர்துமேரி இருக்கிறாளா என்று பார்த்துப் "பீப்" அடித்துவிட்டுப் போவான். முதல் முறை அவள் அவனுக்கு மோர் கொடுத்தாள்.

ஜனவரியில் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டாள். மனிதவளத் துறையில் ஸ்ரேயாவிடம் போனேன். தார்நாகாவில் வளர்ந்த தமிழ்ப் பெண், நல்ல மாதிரி. தமிழில் கேட்டால் மூன்று பாஷையில் பதில் சொல்வாள். கம்ப்யூட்டரைப் பத்து நிமிஷம் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"நக்கோ அங்கிள், முடியாது. லீவ் போடறதுக்கு எம்ப்ளாயி நம்பர் ஹோனா, கட்டாயம் வேணும். ஆன்ட்டிக்கு அசெட் நம்பர்தான் இருக்கு."

சொல்லாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். மாத எண்ணிக்கையில் ஏழாவது பொருள் காணவில்லை என்று வரும், பிறகு திருட்டுப் புகார் போகும் என்றாள். யார் மேல் புகார்? கம்பெனிச் சொத்தை வெளியே எடுத்துப்போன லூர்துமேரி மேல்.

அங்கே ஒருவராவது சிரித்திருக்கலாம். யாரும் சிரிக்கவில்லை. எனக்கோ சிரிக்க நேரமில்லை, ஏனென்றால் விடை என் மேஜை இழுப்பறையில் மஞ்சளாக இருந்தது. பழுதான கம்ப்யூட்டர் போய்த் திரும்பி வருவதில்லையா? எழுந்தபோது ஸ்ரேயா கூப்பிட்டு, வெள்ளைச் சீட்டுப் புத்தகம் எத்தனை இருக்கிறது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை வேண்டியிருக்குமாம். மொத்தமாக ஒரே நாளில் அனுப்புவதற்கென்று அவர்களிடம் தனிப் படிவம் இல்லையாம். என் படிவம் உயர்ந்த காரியங்களுக்குப் பயன்படுகிறதே என்று பூரித்துப்போய் மூன்று புத்தகம் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை லூர்துமேரியைக் கேட்டுக்குக் கூட்டிப் போனேன். புதுப் புடவை, கையில் ஒரு டிரங்குப் பெட்டி, நெற்றியில் சின்னதாகச் சிலுவை வரைந்துகொண்டு வந்தாள். நடேசன் மஞ்சள் புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படித்தபடி எழுதினார்.

"பொருளின் பெயர்?"

"லூர்துமேரி," என்றேன்.

"எண்ணிக்கை ஒண்ணு. நிலைமை?"

"நல்ல நிலைமை."

"வெளிய போற காரணம்? மூணுதான் இருக்குது சார். பழுது பார்க்க, சாம்பிள் காட்ட, கண்காட்சி."

கல்யாணத்துக்கு எது பொருந்தும் என்று மூவரும் யோசித்தோம். மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் பார்க்கத்தான் போகிறார்கள் என்பதால் கண்காட்சி என்று போட்டோம். திரும்பி வரும் தேதி, பிப்ரவரி இரண்டு. கையெழுத்துப் போட்டேன்.

கேட்டின் மறு ஓரத்தில் இன்னொரு வரிசை. வேலை போன நூற்று நாற்பத்திரண்டு பேர், கையில் ஆளுக்கொரு அட்டைப்பெட்டி, ஒரு வெள்ளைச் சீட்டு. பெட்டிக்குள் குடும்பப் படம், பிள்ளையார், சார்ஜர். கோப்பை மட்டும் கம்பெனிச் சொத்து என்று நடேசனின் உதவியாளர் ஒவ்வொருவரிடமும் திருப்பி வாங்கி மேஜையில் அடுக்கிக்கொண்டிருந்தார். நூற்றுச் சொச்சம் கோப்பைகள், "மனிதனே எங்கள் மூலதனம்" என்று எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருந்தன. கேச மீட்புப் பணிக்குழுவில் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். பசுமைக் குறியீட்டு விருது பெற்ற இருவரும் கேடயத்தோடு நின்றார்கள். வரிசையின் கடைசியில் ஸ்ரேயா. காலையிலிருந்து எல்லோருக்கும் சீட்டு எழுதிவிட்டு, தன்னுடையதையும் அவளே எழுதி எடுத்து வந்திருந்தாள். கையெழுத்து மணிமணியாக இருந்தது.

லூர்துமேரி தன் மஞ்சள் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்த வரிசையையே பார்த்தாள். இத்தனை பேருக்கும் அவள் கையால் கீரை பறித்துக் கொடுத்திருக்கிறாள்.

"நீங்க பண்ணின உதவி பெருசுதான் சார், இல்லேங்கல," என்றாள். "ஆனா கல்யாணப் பொண்ணோட ஆத்தா பொருள்னு எழுதி வாங்கிட்டுப் போறது ஒரு மாதிரி இருக்கு. மனுசங்க வெளிய போறதுக்குன்னு தனியா ஒரு சீட்டு இல்லீங்களா?"

"இல்லாம என்ன, இருக்கு," என்றேன். "வெள்ளைச் சீட்டு. ஆனா அதுல திரும்பி வர்ற தேதிக்குக் கட்டம் கிடையாது."